அந்த அழுகை அந்த வயதுக்குச் சரியான அளவுதான்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில், பதின்ம வயதுப் பிள்ளைகள் விழுந்து விழுந்து படிக்கும் காதல் நாவல்களைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. பக்கத்துக்குப் பக்கம் அழுகை, எதற்கெடுத்தாலும் உணர்ச்சிவசப்படுவது, பிள்ளைகள் மனது கெட்டுப்போகிறது, பெற்றோர் விழித்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். எழுதியவர் அந்த நாவல்களில் ஒன்றையாவது கடைசிப் பக்கம் வரை படித்திருப்பாரா என்று எனக்குச் சந்தேகம். அவரைக் குறை சொல்லி என்ன, ஆறு மாதத்துக்கு முன்னால் நானும் ஒரு பக்கம்கூடப் படிக்காமலேதான் இதே கருத்தை வைத்திருந்தேன்.

நடந்தது இதுதான். என் மகளுக்கு 16 வயது. ஒரு நாள் ராத்திரி 2 மணிக்கு அவள் அறையில் விளக்கு எரிகிறதே என்று எட்டிப் பார்த்தேன். முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து விக்கி விக்கி அழுதுகொண்டிருந்தாள். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பள்ளியில் யாராவது ஏதாவது சொல்லிவிட்டார்களா, போனில் யாராவது எதையாவது அனுப்பிவிட்டார்களா என்று ஒரு நொடிக்குள் ஒன்பது பயம் வந்து போனது. "ஒண்ணும் இல்லம்மா, புக்" என்று தலையணை மேல் கிடந்ததைக் காட்டினாள். பயம் போன இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது. ஒரு கதைக்கா இவ்வளவு அழுகை என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, உனக்கெல்லாம் சொன்னால் புரியாது என்கிற பார்வை, அதே பார்வையை நான் என் அம்மாவிடம் காட்டியிருக்கிறேன், அதனால் எனக்கு அது நன்றாகவே தெரியும்.

மறுநாள் அவள் பள்ளிக்குக் கிளம்பியதும் அந்தப் புத்தகத்தை எடுத்தேன். துப்புத் துலக்கத்தான், இதில் மறைக்க என்ன இருக்கிறது. பத்துப் பக்கம் புரட்டினால் ஆட்சேபிக்கும்படி ஏதாவது சிக்கும், அதைக் காட்டி ஒரு பிரசங்கம் செய்யலாம் என்று நினைத்தேன். சாயங்காலம் அவள் திரும்பி வந்தபோது நான் 300ஆவது பக்கத்தைத் தாண்டியிருந்தேன், என் கண்ணும் சிவந்திருந்தது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. புத்தகத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சிரித்தாள், போய்விட்டாள்.

பெயர் சொன்னால் விளம்பரமாகிவிடும், சொல்லப் போவதில்லை. கதை என்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. அண்ணனைப் பறிகொடுத்த ஒரு பெண், அந்தத் துக்கத்தில் வீடே பேச்சை நிறுத்திவிட்ட நேரம், ஒரு பையன் வருகிறான். சிரிக்க வைக்கிறான். காதல். புத்தகத்தின் முக்கால் பாகம் தாண்டியதும் இருவரும் பிரிந்துவிடுகிறார்கள், யாரும் கெட்டவராக இல்லாமலேயே பிரிகிறார்கள். மிச்சக் கால் பாகத்தில் அவள் தனியாக இருக்கிறாள். அண்ணனின் பூட்டிய அறையைத் திறக்கிறாள். அப்பாவிடம் அண்ணன் பெயரை ஒரு முறை வாய்விட்டுச் சொல்கிறாள். அவ்வளவுதான் முடிவு. அந்த முக்கால் பாகக் காதலும் இந்தக் கால் பாகத்துக்காகத்தான் எழுதப்பட்டிருக்கிறது என்பது கடைசியில்தான் எனக்கு உறைத்தது. கட்டுரை எழுதியவர் எண்ணிப் பார்த்த கண்ணீர் எல்லாம் முக்கால் பாகத்துக் கண்ணீர். என் மகள் அழுதது, அவள் அப்பாவிடம் அண்ணன் பெயரைச் சொல்கிற அந்த இடத்தில்.

அதிலிருந்து ஆறு மாதமாக அவள் படித்து முடிப்பதை எல்லாம் அவளுக்குப் பின்னாலேயே படித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு பன்னிரண்டு நாவல் இருக்கும். நல்லது, சுமார், குப்பை எல்லாம் அதில் உண்டு. அந்தத் தகுதியில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இந்த "உணர்ச்சி அதிகம்" என்ற குற்றச்சாட்டை எடுத்துக்கொள்வோம். யாருக்கு அதிகம்? 45 வயதில் எனக்கு அதிகம். ஒருத்தி செய்தி அனுப்பிவிட்டுப் பதில் வருகிறதா என்று இருபது நிமிடம் போனையே பார்த்துக்கொண்டிருப்பதற்கு ஒரு அத்தியாயம் முழுக்க எதற்கு என்று எனக்குத் தோன்றும். 16 வயதில் அந்த இருபது நிமிடம் ஒரு அத்தியாயம்தான். மூளையைப் பற்றிப் படித்தவர்கள் இதற்குக் காரணம் சொல்கிறார்கள். உணர்ச்சிக்கும் பரிசுக்கும் துடிக்கும் பகுதிகள் பருவம் எய்தும் காலத்திலேயே வேகம் பிடித்துவிடுகின்றன, அதை இழுத்துப் பிடித்து நிதானிக்கச் சொல்லும் நெற்றிப்புறத்துப் பகுதி முழுதாக முதிர்வதற்கு இருபதுகளின் நடுப்பகுதி ஆகிறது. வண்டி ஓடத் தொடங்கிப் பத்து வருஷம் கழித்து பிரேக் மாட்டுகிற கதை. இதைத் தெரிந்துகொண்ட பிறகு, அந்த நாவல்களில் வருகிற "செத்துவிடுவேன் போலிருந்தது" என்ற வரி எனக்கு மிகையாகப் படவில்லை. அந்த வயதில் அது கிட்டத்தட்ட அளவெடுத்து எழுதியது.

நம் மொழிக்கு இது ஒன்றும் புதிதும் கிடையாது. குறுந்தொகையில் 28ஆம் பாட்டு, ஔவையார் எழுதியது, பலரும் பள்ளியில் படித்திருப்போம். "முட்டுவேன்கொல் தாக்குவேன்கொல்" என்று தொடங்கும். முட்டிக்கொள்வேனா, மோதிக்கொள்வேனா, ஆவென்றும் ஒல்லென்றும் வாய்விட்டுக் கத்துவேனா, என் நோய் என்னவென்று தெரியாமல் தூங்கிக்கொண்டிருக்கிறதே இந்த ஊர் என்று ஒருத்தி கேட்கிறாள். ஐந்தே அடி. இதைவிட உணர்ச்சி மிகுந்த ஒரு பதின்ம வயதுப் பக்கத்தை எந்த நாவலிலிருந்தாவது எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். ராத்திரி 2 மணிக்குக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்த நான்தான் அந்தப் பாட்டில் வருகிற தூங்கும் ஊர். அந்தப் பாட்டை மனப்பாடம் செய்தால் மதிப்பெண் தருகிறோம், அதே தவிப்பு மினுமினுக்கும் அட்டை போட்ட புத்தகத்தில் வந்தால் கெட்டுப்போகிறார்கள் என்கிறோம்.

அகப்பாட்டில் காதலர் பெயரைச் சொல்லக்கூடாது என்று தொல்காப்பியம் விதி வைத்திருப்பதும் எனக்கு இப்போதுதான் வேறு மாதிரி புரிகிறது. பெயர் இல்லாததால்தான் படிப்பவர் யாராக இருந்தாலும் அந்த இடத்தில் போய் நின்றுகொள்ள முடிகிறது. இன்றைய இளையோர் நாவல்களில் பெயர் இருக்கும், ஆனால் பெரும்பாலும் "நான்" என்றே கதை ஓடும், அதுவும் பல நாவல்களில் நிகழ்காலத்தில். போகிறேன், கதவைத் தட்டுகிறேன், அவன் திறக்கிறான், நெஞ்சு அடைக்கிறது. முதலில் இது எனக்கு மூச்சு முட்டியது, ஏன் எல்லாரும் இப்படியே எழுதுகிறார்கள் என்று எரிச்சலாகவும் இருந்தது. யோசித்துப் பார்த்தால் காரணம் இருக்கிறது. பெரியவர்களுக்கு எழுதும் நாவலில் இளமையைப் பற்றிச் சொல்கிறவர் எப்போதோ அதைக் கடந்து வந்தவர், "அப்போது எனக்குத் தெரியாது" என்று ஒரு வரி எழுதி நம்மைப் பார்த்துக் கண் சிமிட்டுவார். இங்கே சொல்கிறவளுக்கு நாளைக்கு என்ன என்று தெரியாது. இது ஆறு மாதத்தில் ஆறிவிடும் என்று அவளிடம் சொல்ல அந்தப் பக்கங்களில் யாரும் இல்லை. அவளைவிட விவரமான ஒரு குரல் உள்ளே இல்லாததுதான் இந்த வகையின் அடையாளம் என்று எனக்குப் படுகிறது. பெரியவர்களுக்கு இது பிடிக்காமல் போவதும் அதனால்தானோ என்னவோ, நமக்கென்று அங்கே ஒரு நாற்காலி போடவில்லை.

கொஞ்சம் பழைய கதையும் சொல்கிறேன், கட்டுரையில் இது ஏதோ செல்போன் காலத்துச் சரக்கு என்பது போல எழுதியிருந்ததால். அமெரிக்காவில் 1967இல் எஸ். இ. ஹின்டன் என்பவரின் நாவல் வந்தது, இந்த வகைக்கே அதைத்தான் தொடக்கமாகப் பலரும் சொல்வார்கள். வெளியானபோது எழுதியவருக்கு 18 வயது. பெண் என்று தெரிந்தால் விமர்சகர்கள் ஒதுக்கிவிடுவார்கள் என்று பெயருக்குப் பதில் முதலெழுத்துகளைப் போட்டது பதிப்பகம். தங்களைப் பற்றி எழுதப்பட்டவை எதிலும் தாங்கள் இல்லை என்று ஒரு பள்ளி மாணவி எழுத உட்கார்ந்ததிலிருந்து வந்தது இது. அப்புறம் 1975இல் ஜூடி ப்ளூம் என்ற எழுத்தாளரின் நாவல். அந்த நாவல் பிறந்த கதையை அவரே சொல்லியிருக்கிறார். அந்தக் காலத்து நாவல்களில் ஒரு பெண் காதலித்து நெருங்கிப் பழகினாள் என்றால் அவளுக்குத் தண்டனை நிச்சயம், யாராவது ஒருவர் சாக வேண்டும், இல்லை வாழ்க்கை பாழாக வேண்டும். காதலித்தும் இரண்டு பேரில் யாருமே சாகாத ஒரு கதை இருக்கக்கூடாதா என்று அவருடைய மகள் கேட்டாளாம். அதற்காக எழுதியதுதான் அது. அமெரிக்கப் பள்ளி நூலகங்களிலிருந்து எடுக்கச் சொல்லி அதிகம் புகார் வந்த புத்தகங்களில் அதுவும் ஒன்று. யாரும் சாகவில்லை என்பதுதான் குற்றமோ என்று சில சமயம் தோன்றுகிறது.

இந்தச் சம்பவம் எனக்குப் பிடித்ததற்குக் காரணம், கேட்டது மகள், எழுதியது அம்மா. இப்படி ஒரு கேள்வியை என் மகள் என்னிடம் கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? படிக்கிற வேலையைப் பார் என்றுதான் சொல்லியிருப்பேன்.

சரி, அப்படியென்றால் எல்லாம் நல்ல புத்தகங்களா என்றால், கிடையவே கிடையாது. கட்டுரையாளருக்கு நான் சொல்ல வருவதே இதுதான், குறை சொல்ல வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறு இடத்தில் சொல்லியிருக்கிறார். கண்ணீரை விட்டுவிடுங்கள். அது வடிந்த பிறகு அந்தப் பெண்ணுக்கோ பையனுக்கோ தன்னைப் பற்றி முன்பு தெரியாத ஏதாவது ஒன்று தெரிந்திருக்கிறதா என்று பாருங்கள். நான் இப்போது ஒவ்வொரு நாவலையும் முடித்துவிட்டு ஒரு சோதனை செய்து பார்க்கிறேன். கடைசி அத்தியாயத்திலிருந்து காதலன் பெயரை எடுத்துவிட்டால் அவள் மிஞ்சுகிறாளா? அவளுக்கென்று ஒரு வேலை, ஒரு ஆத்திரம், ஒரு சிநேகிதி, ஒரு பிடிவாதம் இருக்கிறதா? இருந்தால் எவ்வளவு வேண்டுமானாலும் அழட்டும். அவன் போனதும் அவளும் பக்கத்திலிருந்து காணாமல் போகிறாள் என்றால், அதில் ஒரு சொட்டுக் கண்ணீர்கூட இல்லாவிட்டாலும் அது மோசமான புத்தகம்.

படித்ததில் ஒன்று அப்படித்தான் இருந்தது. அதில் வரும் பையன் ராத்திரி அவள் ஜன்னலுக்குக் கீழே வந்து நிற்கிறான், அவள் யாருடன் பேசுகிறாள் என்று போனை வாங்கிப் பார்க்கிறான், சிநேகிதனோடு சிரித்துப் பேசினாள் என்று சுவரைக் குத்திக் கை உடைத்துக்கொள்கிறான், அதைப் பார்த்து அவள் உருகுகிறாள். தன் மேல் இவ்வளவு பிரியமா என்று. நான் கொதித்துப்போய் இதையா படிக்கிறாய் என்று மகளிடம் போனேன். அவள் அலட்டிக்கொள்ளவே இல்லை. "அம்மா, அவன் முழு ரெட் ஃப்ளாக், எங்க செட்ல எல்லாருமே அவனைத் திட்டிக்கிட்டுதான் படிச்சோம்" என்றாள். திட்டிக்கொண்டே படிப்பது என்று ஒன்று இருப்பது எனக்கு மறந்தே போயிருந்தது. நாமும் ஒரு காலத்தில் தொடர்கதையில் வரும் கதாநாயகனை வாரா வாரம் திட்டிக்கொண்டேதான் படித்தோம். ஆனாலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படிச் சேர்ந்து திட்ட ஒரு கூட்டம் இருக்காது. தனியாகப் படிக்கிற, வீட்டில் அதட்டலைத் தவிர வேறு எதையும் பார்க்காத ஒரு பிள்ளைக்கு, சுவரைக் குத்துகிறவன்தான் காதலன் என்று பதிந்துவிடலாம். இந்தக் கவலையை மட்டும் நான் இன்னும் விடவில்லை.

அதைவிட நைசாக வருகிற விஷமம் ஒன்று இருக்கிறது. "நீ மற்ற பெண்களைப் போல இல்லை." அநேகமாக எல்லா நாவலிலும் எங்கேயாவது ஒரு பையன் இதைச் சொல்வான், அவள் பூரித்துப்போவாள். எவ்வளவு பெரிய பாராட்டு போலக் கேட்கிறது! கொஞ்சம் கிள்ளிப் பார்த்தால் உள்ளே இருப்பது மற்ற பெண்கள் எல்லாம் மட்டம் என்கிற தீர்ப்பு. அவளை அவளுடைய தோழிகளிடமிருந்து பிரித்துத் தனியாக நிறுத்துகிற வேலையையும் அது சேர்த்துச் செய்கிறது. நல்ல எழுத்தாளர் கையில் இதே வரி வந்தால், இருபது பக்கம் கழித்து அவள் திரும்பி, எந்தப் பெண்களைச் சொல்கிறாய் என்று கேட்பாள். நான் படித்த ஒரு நாவலில் அப்படிக் கேட்கிறாள். அந்த இடத்தில் என் மகள் ஓரத்தில் பென்சிலால் மூன்று ஆச்சரியக்குறி போட்டு வைத்திருந்தாள்.

நோயையும் மரணத்தையும் அலங்காரமாகப் பயன்படுத்துகிற புத்தகங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2012இல் ஜான் கிரீன் எழுதிய நாவல் ஒன்று, புற்றுநோயுள்ள இரண்டு பிள்ளைகளின் காதல், உலகம் முழுக்கப் போனது, 2014இல் படமாகவும் வந்தது. அதைப் பார்த்து வரிசையாக எத்தனையோ நாவல்கள் வந்தன. நோயாளி என்றால் அழகாக வெளிறிப்போக வேண்டும், கதாநாயகிக்கு வாழ்க்கைப் பாடம் ஒன்றைக் கொடுத்துவிட்டுச் சாக வேண்டும் என்பது ஒரு சூத்திரமே ஆகிவிட்டது. நோயுள்ள பிள்ளைக்கு வேறு வேலையே இல்லையா? இன்னொரு சூத்திரமும் உண்டு. மனச்சோர்வில் இருக்கிற பெண்ணைக் காதல் குணமாக்கிவிடும். இது பொய், ஆபத்தான பொய்யும்கூட. மருத்துவரும் வேண்டாம், அம்மா அப்பாவும் வேண்டாம், ஒருவன் வந்து கையைப் பிடித்தால் போதும் என்று நம்பவைத்தால், அப்படி ஒருவன் வராத பிள்ளை என்ன செய்யும்? வந்தவன் போய்விட்டால் என்ன செய்யும்?

புத்தகம் படித்துப் பிள்ளைகள் தங்களுக்கே ஏதாவது செய்துகொள்வார்களோ என்ற பயத்தைக் கட்டுரை தொட்டுவிட்டுப் போயிருந்தது. அந்தப் பயத்துக்கு 250 வயது. ஜெர்மன் கவிஞர் கதே 1774இல் வெர்தர் என்ற இளைஞனின் நிறைவேறாத காதலை நாவலாக எழுதினார். இளைஞர்கள் அவனைப் போலவே நீலக் கோட்டும் மஞ்சள் உள்சட்டையும் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். அவனைப் போலவே உயிரையும் விட்டுவிடுவார்கள் என்று பயந்து லைப்சிக் நகரத்தில் 1775இல் புத்தகத்தையும் அந்த உடையையும் சேர்த்தே தடை செய்தார்கள். சட்டையைத் தடை செய்தவர்களை நினைத்துச் சிரிப்பு வந்தாலும் பயம் முழுக்கப் பொய்யில்லை. 1974இல் டேவிட் ஃபிலிப்ஸ் என்ற சமூகவியலாளர் தற்கொலைச் செய்திகள் முதல் பக்கத்தில் வந்த பிறகு என்ன நடந்தது என்று கணக்கெடுத்து, எண்ணிக்கை ஏறுவதைக் காட்டினார், அதற்கு வெர்தர் விளைவு என்றே பெயர் வைத்தார். கவனியுங்கள் ஐயா, பெயர்தான் நாவலிலிருந்து வந்தது, கணக்கு எடுத்தது செய்தித்தாள்களை வைத்து.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. 2010இல் ஆஸ்திரிய ஆய்வாளர்கள் தங்கள் நாட்டுப் பத்திரிகைச் செய்திகளை அலசி, அந்த எண்ணம் வந்தும் அதிலிருந்து மீண்டவர்களைப் பற்றிய செய்திகள் வந்த பிறகு தற்கொலைகள் குறைந்திருப்பதைக் கண்டார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் பாபகேனோ விளைவு. பாபகேனோ என்பவன் மோட்சார்ட்டின் இசை நாடகம் ஒன்றில் வருகிற பறவை பிடிப்பவன். காதலி கிடைக்கவில்லை என்று உயிரை விடப் போகிறவனை மூன்று சிறுவர்கள் தடுத்து, உன்னிடம்தான் மாய மணிகள் இருக்கின்றனவே, அடித்துப் பார் என்று நினைவூட்டுகிறார்கள். அவ்வளவுதான், வேறு வழி ஒன்று இருக்கிறது என்று ஞாபகப்படுத்துகிறார்கள். பாடம் நடத்தவில்லை. இருட்டைப் பற்றிப் பேசியே தீரவேண்டிய நாவல்களில் நல்லவை இந்த மூன்று சிறுவர் வேலையைத்தான் செய்கின்றன. தோழி ஒருத்தி வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொள்வாள், ஆசிரியர் ஒருவர் இரண்டு தரம் கேட்பார், அவளே ஒரு நாள் வாயைத் திறந்து உதவி வேண்டும் என்பாள். அந்த வாக்கியத்தை எப்படிச் சொல்வது என்று பல பிள்ளைகளுக்குத் தெரியாது. பெரியவர்களுக்கு மட்டும் தெரியுமா என்ன. ஒரு பாத்திரம் அதைச் சொல்வதைப் படித்த பிறகு சொல்லிப் பார்ப்பது கொஞ்சம் எளிது.

தன்னை அறிதல் என்ற சொல்லைக் கேட்டால் ஏதோ ஆன்மிக வகுப்பு போல இருக்கிறது. இந்த நாவல்களில் அது மிகச் சின்ன விஷயங்களில் நடக்கிறது. அவனுக்குப் பிடித்த பாட்டை எல்லாம் கேட்டுக் கேட்டு, தனக்கு எது பிடிக்கும் என்பதே மறந்துபோயிருப்பதை ப்ரேக்கப்புக்கு அப்புறம் கண்டுபிடிக்கிறாள் ஒருத்தி. வீட்டில் எல்லாரையும் சமாதானப்படுத்துகிற வேலையைத் தன்னிடம் யார் கொடுத்தது என்று கேட்கிறாள் இன்னொருத்தி. ஒரு பையன், தனக்கு வரவேண்டிய ஆசை தனக்கு வரவில்லை, வேறு ஆசை வருகிறது என்று கண்டுபிடிக்கிறான். அவன் யாரிடமும் சொல்லாத ஒன்றை முதலில் புத்தகத்தில்தான் பார்க்கிறான், தன்னைப் போல இன்னொருவன் இருக்கிறான் என்பதே அவனுக்குச் செய்தி. காதல் இங்கே கண்ணாடி வேலை செய்கிறது. இன்னொருவரின் கண்ணில் விழுகிற தன் உருவத்தைப் பார்த்து, இது நான்தானா, இப்படித்தான் இருக்கிறேனா, இப்படி இருக்க எனக்கு இஷ்டமா என்று கேட்க வைக்கிறது. கண்ணாடியையே கட்டிக்கொண்டு அழுகிறவர்கள் மோசமான நாவலில் இருக்கிறார்கள், முகத்தைப் பார்த்துவிட்டு நகர்கிறவர்கள் நல்ல நாவலில்.

பெரியவர்கள் இதையெல்லாம் படிப்பது வெட்கக்கேடு என்று 2014இல் அமெரிக்க இணைய இதழ் ஒன்றில் ஒரு கட்டுரை வந்து பெரிய சண்டை நடந்தது. சண்டை நடந்ததில் ஆச்சரியம் இல்லை. அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 2012இல் வந்த ஒரு சந்தை ஆய்வின்படி, இளையோருக்கு என்று அச்சிடப்படும் புத்தகங்களை அங்கே வாங்குவோரில் 55 சதவீதம் பேர் 18 வயதைத் தாண்டியவர்கள், அவர்களிலும் 30 முதல் 44 வயதுக்காரர்கள்தான் அதிகம். அதாவது என்னைப் போன்றவர்கள். ஏன் படிக்கிறோம்? உளவியலில் ஒரு விஷயம் சொல்வார்கள், நாற்பதைத் தாண்டியவர்களிடம் வாழ்க்கையில் ஞாபகம் இருப்பதைச் சொல்லச் சொன்னால் 10 வயதிலிருந்து 30 வயதுக்குள் நடந்தவைதான் குவிந்து வருமாம். போன வருஷம் நடந்தது மறந்துவிடுகிறது, 17 வயதில் ஒருவன் படிக்கட்டில் நின்று திரும்பிப் பார்த்தது மறக்கவில்லை. (என் கணவர் இந்தப் பத்திரிகையை வாங்கிப் படிப்பவர், அதனால் இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.)

வெட்கப்பட வேண்டிய விஷயம் வேறு இருக்கிறது. என் மகள் படித்த அந்தப் பன்னிரண்டும் ஆங்கிலம். தமிழில் ஏதாவது கொடு என்று அவளே ஒரு நாள் கேட்டாள். தேடினேன். பேசும் விலங்குகள் வருகிற சிறுவர் கதைகள் இருக்கின்றன, அந்தப் பக்கம் போனால் பெரியவர்களுக்கான நாவல்கள் மலை போல இருக்கின்றன. நடுவில், 13 வயதுக்கும் 19 வயதுக்கும் இடையில், கைவிரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தேன். இளையோர் இலக்கியம் என்ற பெயர் வந்துவிட்டது, சிலர் அக்கறையோடு எழுதுகிறார்கள், அது உண்மை. ஆனால் அவற்றிலும் பல சாகசம், துப்பறிதல், அறிவியல் என்று போகின்றன, காதல் என்றதும் பேனா நின்றுவிடுகிறது. சினிமாவில் பள்ளிச் சீருடையில் காதலை எத்தனையோ தரம் பார்த்துவிட்டோம், அதில் பெரும்பாலும் அவன் அவளைத் துரத்துவான், நாம் அவன் கண்ணால் அவளைப் பார்ப்போம். அவள் ராத்திரி என்ன நினைத்தாள் என்பதை அவள் வாயாலேயே 200 பக்கம் சொல்கிற புத்தகம் தமிழில் வேண்டும். "ஐ லவ் யூ" என்பதற்குப் பதில் தமிழில் ஒரு 16 வயதுப் பெண் உண்மையில் என்ன சொல்வாள் என்று எழுதிப் பார்த்தால்தானே தெரியும். குறுந்தொகைக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது.

பெற்றோர் விழித்துக்கொள்ள வேண்டும் என்று கட்டுரை முடிகிறது. விழித்துக்கொண்டு என்ன செய்வது என்று இல்லை. பிடுங்கி வைத்தால் போனில் படிப்பார்கள், அங்கே யாரும் திருத்தாத, யாரும் தேர்ந்தெடுக்காத கதைகள் கோடிக்கணக்கில் கிடக்கின்றன. நான் செய்தது ஒன்றே ஒன்று, அவளுக்குப் பின்னால் அதே புத்தகத்தைப் படித்தேன். எடுத்ததும் கேள்வி கேட்கவில்லை. கேட்டால் வாயை மூடிக்கொள்வாள். பாத்திரங்களைப் பற்றி மட்டும் பேசுவோம். அந்தப் பெண் அவனுக்கு மறுபடியும் வாய்ப்புக் கொடுத்தது சரியா என்று ஒரு நாள் ஒன்றரை மணி நேரம் சண்டை போட்டோம். அவள் கொடுத்திருக்கக்கூடாது என்றாள், நான்தான் பாவம் பிள்ளை என்றேன். சண்டை நடுவில் அவள் வகுப்பில் ஒரு பெண்ணுக்கு நடந்த ஒன்றைச் சொன்னாள், அந்தப் பெண்ணுக்கு யாரிடம் போவது என்று தெரியவில்லை என்றாள். நான் நேராகக் கேட்டிருந்தால் பத்து வருஷமானாலும் அது என் காதுக்கு வந்திருக்காது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தப் புத்தகங்களைப் பற்றி அடுத்து எழுதும்போது என்னைப் போன்ற 45 வயதுக்காரர்களிடம் கேட்காதீர்கள், கட்டுரையாளரைப் போன்றவர்களிடமும் வேண்டாம். மாதம் ஒரு முறை அரைப் பக்கம் ஒதுக்கி, 16, 17 வயதுப் பிள்ளைகளையே மதிப்புரை எழுதச் சொல்லுங்கள். எழுத்துப்பிழையைத் திருத்துங்கள், கருத்தைத் திருத்தாதீர்கள். பெயர் போட வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள், புனைபெயரில் வந்தால்தான் உண்மை வரும்.

என் பெயரையும் தயவுசெய்து வெளியிட வேண்டாம். அவள் பென்சில் குறிப்புகளை நான் படிப்பது அவளுக்கு இன்னும் தெரியாது. தெரியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன், போன வாரம் வரைக்கும். போன வாரம் படித்த நாவலில் 180ஆவது பக்கத்து ஓரத்தில், அம்மா சமையலறையில் தனியாக நின்று அழுகிற இடத்தில், "இது உனக்கு" என்று எழுதி என் பக்கம் ஒரு அம்புக்குறி போட்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி